பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக, வவுனியா நெளுக்குளத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் பழைய மாணவிகளும் கூடிய அவையில், உளவளத்துணைப் பணியில் இருக்கும் பழைய மாணவிகளின் சார்பில் வழங்கப்பட்ட உரை.)



நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றையாவது நகர மண்டபத்தில் வைக்காமல் நெளுக்குளத்தில் வைக்க வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டவர்கள் நாங்கள்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அக்காமார் சிலர், "ஏன் பிள்ளையள் அங்கை?" என்று கேட்டார்கள். வெயில், தூசி, மின்விசிறி இரண்டே இரண்டு, எல்லாம் உண்மைதான். ஆனால் இன்று பேச வந்த விடயம் இந்த ஊருக்குச் சொந்தமானது. 2009 இல் வன்னியிலிருந்து வந்த சனத்தை வைத்திருக்க இடம் போதாமல் வவுனியாவின் பாடசாலைகள் பல நலன்புரி நிலையங்கள் ஆயின. நெளுக்குளத்துப் பாடசாலைக் கட்டடங்களும் அவற்றில் அடங்கும். வாங்கு மேசைகளை வெளியில் அடுக்கிவிட்டு, கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துக் குடும்பங்கள் படுத்தன. செட்டிக்குளத்துப் பக்கம் மனிக் பாமில் கூடாரங்கள் எழுந்தன. இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று பெரியவர்களின் பெயர்களை அந்தக் கூடாரப் பகுதிகளுக்கு வைத்தார்கள். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இந்த மாவட்டத்துக்குள் வந்து அடைபட்டது. 2012 செப்ரெம்பரில்தான் மனிக் பாம் மூடப்பட்டது.

அந்தப் பாய்களில் படுத்த பத்து வயது, பன்னிரண்டு வயது, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இன்று அப்பா, அம்மா. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று எங்கள் ஆரம்ப வகுப்புகளில் இருக்கிறார்கள். "இதுகள் செல்லடியைக் கண்டதுகளோ, பங்கருக்குள்ளை இருந்ததுகளோ, இதுகளுக்கு என்ன மனப்பிரச்சினை?" என்று எங்களிடம் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, பிள்ளைகள் தங்கள் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் விளங்கிக் கையாள உதவுவது எப்படி என்பது. தலைப்பு நீளம். நாங்கள் அதை வயிற்றுவலியில் தொடங்குகிறோம்.

உளவளத்துணை அறைக்குள் வந்து "ரீச்சர், எனக்கு மனம் சரியில்லை" என்று சொன்ன பத்து வயதுப் பிள்ளையை நாங்கள் காண்பது அரிது. பிள்ளை சொல்வது "வயித்துக்கை நோகுது", "தலையிடி", "கால் உளையுது", "சத்தி வருது". திங்கட்கிழமை காலையில் நோகும், சனிக்கிழமை நோகாது. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கக் கூடும். தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவார், டொக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்பார். திரும்பி வரும் வழியில் பிள்ளைக்கு ஏச்சு விழும்: "நடிக்கிறாய் என்ன?"

பிள்ளை நடிக்கவில்லை. இதைப் பெற்றோருக்கு விளங்க வைக்கவே எங்கள் நேரத்தில் பாதி போகிறது. பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது. அந்த நேரத்தில் சமிபாடு உடம்புக்கு அவசரமான வேலை அல்ல. வயிற்றுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, குடல் இறுகுகிறது, பிரட்டுகிறது. பாம்பைக் கண்டு வந்த பயத்துக்கும் கணக்குப் பாடத்தைக் கண்டு வந்த பயத்துக்கும் உடம்பு வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே வலி மெய்யான வலி. "முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்" என்றுதான் நாங்களும் சொல்வோம். பூச்சி, புண், சிறுநீர்க் கிருமி எதையும் மனம் என்று தள்ளிவிடக் கூடாது. டொக்டர் ஒன்றுமில்லை என்ற பிறகு, "அப்ப என்னத்துக்குப் பயந்து இந்த வயிறு இறுகுது?" என்று கேட்பதுதான் அடுத்த படி. ஏச்சு அதே வயிற்றை இன்னும் இறுக்கும், அவ்வளவுதான்.

பெரியவர்களான நாங்களும் அப்படித்தான் பேசுகிறோம். நெஞ்சு பாரம் என்கிறோம், வயிறு எரியுது என்கிறோம், மண்டை காயுது, கை கால் ஓடேல்லை, ஈரல் கருகுது. துக்கம் உள்ளவர் வாயால் ஒன்றும் சொல்லாமல் ஒரு பெருமூச்சு விடுவார், பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் விளங்கும். உடம்பின் வழியாக மனதைச் சொல்லும் இந்த வழக்கத்தைப் படிப்பறிவில்லாதவர் பேச்சு என்று சில பயிற்சி வகுப்புகளில் ஒதுக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் உணர்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய பாடமே உடம்பின் பெயரால்தான் இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. ஏ.எல். வகுப்பில் தமிழ் எடுத்த அக்காமாருக்கு நினைவு இருக்கும். மெய்யில் படுவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, இழிவு, வியப்பு, பயம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என்று எட்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கு நந்நான்கு காரணம்.

அழுகைக்குச் சொன்ன நான்கைப் பாருங்கள். பிறர் எளிமைப்படுத்துவது, இழப்பு, அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு உரையாசிரியர் தரும் விளக்கம், முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது. இடப்பெயர்வு என்ற சொல்லை நாம் படிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பு அழுகையின் காரணங்களில் அதுவும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கோபத்தின் காரணங்களில் உறுப்பை அறுப்பதும், குடியை நலிப்பதும், அலைப்பதும், கொல்வதும் உண்டு. இதைப் படித்துவிட்டு வன்னிப் பிள்ளையின் கோபத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. பிள்ளையிடம் கொடுப்பதற்கு எங்கள் கையில் சொற்கள் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம்.

ஏனென்றால் பிள்ளையிடம் இருக்கும் சொற்கள் மிகக் குறைவு. "எப்படி இருக்கிறாய்?" என்றால் "நல்லா இருக்கிறன்", இல்லாவிட்டால் "ஒரு மாதிரி இருக்கு". அந்த "ஒரு மாதிரி"க்குள் பொறாமை இருக்கும், வெட்கம் இருக்கும், தனிமை இருக்கும், ஏமாற்றம் இருக்கும், பசியும் இருக்கும். எது என்று தெரியாமல் பிள்ளை அதை எப்படிக் கையாளும்? 2007 இல் அமெரிக்காவில் மத்தியூ லீபர்மன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை செய்தார்கள். கோபமான முகம், பயந்த முகம் ஆகிய படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தெரிவு செய்யச் சொன்னபோது, மூளையில் பயத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்புக் குறைந்தது. பேர் சொன்னால் பேய் ஓடும் என்று நம் கிழவிகள் சொல்வதற்கு இது பக்கத்தில் வருகிறது.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. நாங்கள் கவனித்தது இது, இலக்கணம் படித்தவர்கள் திருத்தலாம். "எனக்குக் கோபம் வருது" என்கிறோம். "எனக்குப் பயம் வந்திட்டுது" என்கிறோம். கோபம் வருகிறது, வந்துவிட்டது, பிறகு போய்விட்டது. பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. பிள்ளை வேறு, கோபம் வேறு. ஆனால் வீட்டில் நாம் பிள்ளையைக் கூப்பிடுவது எப்படி? "இவன் ஒரு கோவக்காரன்." "இவள் பயந்தாங்கொள்ளி." "அழுமூஞ்சி." வந்து போகிற விருந்தாளியைக் காணி உறுதி எழுதிக் குடியிருத்தி விடுகிறோம். "உனக்கு இப்ப கோபம் வந்திருக்கு போல" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்: எங்கிருந்து வந்தது?

"ஏன்" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஏன் அழுகிறாய்?" என்பது எங்கள் வீடுகளில் விசாரணை. பிள்ளை வாய் மூடும். "என்ன நடந்தது?" என்றால் கதை வரும். "உடம்பில் எங்கே தெரியுது?" என்றால் இன்னும் நன்றாக வரும், கழுத்தைக் காட்டும் பிள்ளை உண்டு, நெஞ்சைக் காட்டும் பிள்ளை உண்டு. முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதைவிட, கீரை ஆயும்போது, முற்றம் கூட்டும்போது, சைக்கிளில் பின்னால் ஏற்றிப் போகும்போது பேச்சு வருவதைத் தாய்மார் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தரம் மூன்றிலிருந்தே பாடசாலை முடிய ரியூசன், ரியூசன் முடிய வீட்டு வேலை என்றால் சைக்கிளின் பின்னால் இருக்கும் பத்து நிமிடம்தான் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்திலும் "இண்டைக்கு எத்தினை மாக்ஸ்?" என்று தொடங்கினால் அதுவும் போயிற்று.

உணர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு வருவது எண்ணம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரிய பிள்ளைகளுக்குத்தான் முடியும்; எட்டு ஒன்பது வயதிலிருந்து மெல்லத் தொடங்கலாம். ஓர் உதாரணம். சிநேகிதி இடைவேளையில் வேறு ஒருத்தியோடு போய் இருந்துவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். பிள்ளையின் தலைக்குள் ஓடுவது, "என்னை ஒருத்தருக்கும் பிடிக்காது." அதனால் வரும் உணர்ச்சி துக்கம். அதனால் செய்வது அடுத்த நாள் பாடசாலைக்குப் போகாமல் விடுவது. கொப்பி ஒன்றில் நான்கு பெட்டி கீறி இந்த நான்கையும் தனித்தனியே எழுதச் சொல்கிறோம். எழுதியதும் பிள்ளையே இரண்டாவது பெட்டியைப் பார்த்து "இது நான் நினைச்சது, நடந்தது இல்லை" என்று சொல்லும் நாள் வரும். எல்லாருக்கும் வராது. வந்தவர்களைக் கண்டிருக்கிறோம். "எனக்கு ஒண்டும் வராது", "நான் மொக்கு" என்பதும் அந்தப் பெட்டியில் எழுத வேண்டியவைதான். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி வந்த கிழமையில் இந்த இரண்டு வசனங்களும் வவுனியா முழுக்கக் கேட்கும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பெரிய பதாகையில் அடித்துச் சந்தியில் கட்டுகிறோமே, அதன் கீழால்தான் மற்றப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள். பதாகை கட்டுவதை நிறுத்துங்கள் என்று அதிபர்மாரைக் கேட்டிருக்கிறோம், இந்த மேடையிலும் கேட்கிறோம்.

கோபத்துக்கு வருவோம். பெண் பிள்ளைக்கு அழ அனுமதி உண்டு, கோபப்பட அனுமதி இல்லை. ஆண் பிள்ளைக்கு மறுவளம். அதனால் பெண் பிள்ளைகளின் கோபம் அழுகையாக வருகிறது, பையன்களின் துக்கம் அடிதடியாக வருகிறது. வகுப்பில் கதிரையைத் தூக்கி எறிந்த பையனை விசாரித்துக்கொண்டு போனால், தகப்பன் வெளிநாடு போன மாதம் அது என்று தெரியும். கோபம் வருவது குற்றமில்லை, கதிரை எறிவதற்கு அனுமதி இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் வகுப்பு நடக்காது, இரண்டாவதை மட்டும் சொன்னால் பையன் திருந்த மாட்டான். கொதிப்பு ஏறி நிற்கும் நேரத்தில் புத்திமதி வேலை செய்யாது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும்; சூடான தேத்தண்ணியை ஊதுவதுபோல மெல்ல ஊதச் சொன்னால் முதலாம் தரப் பிள்ளைக்கும் விளங்கும். கிணற்றடியில் முகம் கழுவி வருவது, மைதானத்தை ஒரு சுற்று ஓடி வருவது, இவையும் உதவும். புத்திமதி அரை மணித்தியாலம் பொறுக்கட்டும்.

இனி, கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும். பெற்றோர் மன்னிக்க வேண்டும். 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் பேசிச் செய்யப்பட்டது. நூற்றுக்கு 82 பேர் ஏதோ ஒரு போர் அனுபவத்தைச் சொன்னார்கள். ஆனால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல், வீட்டுக்குள் நடந்த வன்முறை ஒன்றையாவது சொன்னார்கள். தகப்பனின் குடியும், முன்பு பட்ட போர் அனுபவமும் கூடக் கூட, பிள்ளை வீட்டில் பட்ட கொடுமையும் கூடியிருந்தது. அதாவது போர் றோட்டில் முடிந்த பிறகும் வீட்டுக்குள் நடக்கிறது. முதலில் கேட்ட கேள்விக்கு இது ஒரு விடை. இன்றைய பிள்ளை செல்லடியைக் காணவில்லை. செல்லடியைக் கண்டவர் கையில் வளர்கிறது. சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும்பும் தகப்பன், பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் பதறிப்போய் வந்ததும் அடித்துவிடும் தாய். அந்த அடி பயத்திலிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அது தெரியாதே. "நீ பிந்தினது எனக்குப் பயமாப் போச்சு" என்று தாய் வாயால் சொன்னால், பிள்ளை உணர்ச்சிக்குப் பேர் வைக்கப் படிப்பது அங்கேதான். பாடசாலையில் பிரம்பைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. வீட்டில் அகப்பைக்காம்பைத் தடுக்கச் சுற்றறிக்கை இல்லை.

வீட்டுக்குள் அடியைவிடப் பாரமானது மௌனம். பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் கூட்டு மனவடு என்ற கருத்தை வைத்துப் பேசுகிறார். காயம் ஆளுக்கு ஆள் தனித்தனியே பட்டது மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் பட்டது என்பது அதன் சாரம். பட்ட குடும்பம் சில விடயங்களைப் பேசுவதில்லை. சுவரில் ஒரு படம் தொங்கும். அதற்கு மாலையும் போடுவதில்லை, கழற்றுவதும் இல்லை. மாமா எங்கே என்று பிள்ளை கேட்டால் அம்மம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வவுனியாவில் 2017 பெப்ரவரியில் றோட்டோரத்தில் தொடங்கிய போராட்டத்தை எல்லாரும் அறிவீர்கள். அந்தக் கொட்டிலுக்கு அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்த பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். பொலின் பொஸ் என்ற அறிஞர் இப்படிப்பட்ட இழப்பைத் தெளிவில்லாத இழப்பு என்கிறார். செத்தவீடு செய்யவும் முடியாது, காத்திருப்பதை விடவும் முடியாது. பெரியவர்களுக்கே முடிவு தெரியாத ஒன்றைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்று தாய்மார் கேட்கிறார்கள். எங்கள் விடை சிறியது: தெரியாது என்பதைச் சொல்லலாம். "மாமாவைத் தேடுறம். எங்கை எண்டு தெரியேல்லை. அம்மம்மாவுக்குக் கவலை. நீ செய்த குழப்படியாலை இல்லை." கடைசி வசனம் முக்கியம். வீட்டில் யாராவது அழுதால் அது தன்னால் என்று நினைப்பது சின்னப் பிள்ளையின் இயல்பு.

ஆழமான காயம் உள்ள பிள்ளைகளுக்கு இவையெல்லாம் போதாது என்பதும் உண்மை. வடகிழக்கின் போர்ப் பகுதிகளில் 420 மாணவர்களிடம் எடுத்து 2009 இல் வெளியான ஆய்வில், கடும் அதிர்ச்சி தரும் சம்பவங்களைக் கண்டவர்கள் நூற்றுக்கு 92. மனவடு நோயின் அளவுக்குப் போனவர்கள் 25. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள் என்போம். நால்வரில் ஒருவர் என்பது பெரிய தொகை. மற்ற மூவர், கண்டதைக் கண்டும், நோய் இல்லாமல் நின்றார்கள் என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான். அந்த ஆய்வின் நேர்காணல்களைச் செய்தவர்கள் நம் ஊர் ஆசிரியர்கள், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள்.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களே ஆளுக்கு ஆறு சந்திப்புகளில் சிகிச்சை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல உதவும் முறை. இந்த முறையில் நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டி, நல்ல நாட்களுக்குப் பூவும் கெட்ட நாட்களுக்குக் கல்லும் வைத்துப் பிள்ளை கதையைத் தொடங்கும். மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதத்தின் பின் முதல் பகுதியில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் குணமடைந்திருந்தார்கள். சிறிய ஆய்வு, ஆனாலும் எங்களுக்குத் தெம்பு தந்தது. மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் களிமண்ணையும் கதையையும் விளையாட்டையும் கொண்டு இதே வேலையைச் செய்தார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே.

இனி வெளிநாட்டு அக்காமாருக்கு. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் உளநலத்துக்குத் தர விரும்புவதாகப் பல கிளைகள் எழுதியிருக்கின்றன. நன்றி. அநேகமான கடிதங்களில் இருக்கும் யோசனை, செயலமர்வு. ஒரு நாள் செயலமர்வு என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். பலூன் கட்டி, பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, பெரிய தாளும் மார்க்கரும் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லி, பழைய துக்கத்தை நினைக்கச் சொல்லி, சோற்றுப் பார்சலோடு படம் எடுத்து அனுப்புவது. பின்னேரம் வாகனம் போய்விடும். நினைத்த துக்கத்தோடு பிள்ளை வீட்டுக்கு நடக்கும்.

இதை எரிச்சலில் சொல்லவில்லை. 2012 இல் வெளியான இன்னோர் ஆய்வு வட இலங்கையில் 399 பிள்ளைகளோடு நடந்தது. ஒரு நாள் வேலை அல்ல அது. பாடசாலையிலேயே ஐந்து கிழமைகளில் 15 அமர்வுகள், ஒழுங்காகத் திட்டமிட்டது. பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. பையன்களின் பயமும் மனவடு அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் பெண் பிள்ளைகளில், நிகழ்ச்சியில் சேர்ந்தவர்களின் மனவடு அறிகுறிகள், இன்னும் சேராமல் முறைக்குக் காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. போரின் நெருக்கடி அன்றாடம் தொடர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கும் பலன் குறைவு. பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் இதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தோம். காரணத்தைப் பற்றி எங்களிடம் ஓர் ஊகம் உண்டு, ஊகம் மட்டுமே: பெண் பிள்ளைகள் தங்களுக்குள், கிணற்றடியிலும் இடைவேளையிலும், ஒருத்தி ஒருத்தியிடம் சொல்லி ஆற்றிக்கொள்வார்கள், சபையில் வைத்துக் கேட்டால் அது கலைந்துபோகலாம். எப்படியோ, நல்ல மனதோடு செய்யும் எல்லாம் நல்லதாகிவிடாது என்பதற்கு எண்ணிக்கையோடு சாட்சி இருக்கிறது. பணம் தருபவர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தர வேண்டும்.

பிறகு எதற்குத் தருவது? கேட்பவர்களுக்கு எங்கள் பட்டியல் ஏமாற்றமாக இருக்கும், படம் எடுக்க ஒன்றும் இல்லை. உளவளத்துணை ஆசிரியைக்கு வேறு பாடங்களும் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன; கிழமைக்கு இரண்டு நாளாவது அவரை விடுவிக்கப் பதில் ஆசிரியை ஒருவரின் கொடுப்பனவு. கதவு பூட்டக்கூடிய ஓர் அறை, ஏனென்றால் களஞ்சிய அறையில் சோக்குப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து இரகசியம் பேச முடியாது. தாயும் பிள்ளையும் வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாதா மாதம் போய் வர பஸ் காசு. அன்றைக்குத் தாய் இழக்கும் கூலியும் சேர்த்து. ஆலோசகர்களுக்கு மேலே, அவர்களின் பாரத்தைக் கேட்க மூத்த ஒருவர். இவை மூன்று வருடத்துக்குக் குறையாமல். ஒரு வருடத்துக்குத் தந்துவிட்டு நிறுத்துவதானால் தொடங்காமலே விடலாம். பிள்ளை நம்பி வாய் திறக்கும் நேரத்தில் ஆள் மாறுவது அந்தப் பிள்ளை முன்பே பட்ட அனுபவம்.

பெற்றோர் எப்போது எங்களைத் தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். ஓரிரு நாள் அழுகைக்கு வேண்டாம். நித்திரை குழம்பி, சாப்பாடு குறைந்து, விளையாட்டிலும் சிநேகிதரிலும் விருப்பம் போய், இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே நின்றால் வாருங்கள். பெரிய பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் வாருங்கள், அடிக்காமல் வாருங்கள். செத்துப்போனால் நல்லது என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், அன்றைக்கே வாருங்கள். பாடசாலையில் சொல்ல விருப்பமில்லை என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளையே எடுத்துப் பேசலாம். இரண்டையும் பிள்ளையின் கொப்பி மட்டையில் எழுதிவிடுங்கள். விசர் என்று ஊர் சொல்லுமோ என்று பயப்படும் அம்மாமாருக்கு: எங்களிடம் வருவதை ஊருக்குச் சொல்வது எங்கள் வேலை இல்லை.

தேத்தண்ணி ஆறுகிறது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். கேள்விகளைத் தாளில் எழுதித் தாருங்கள், பெயர் எழுத வேண்டாம். சபையில் கேட்க விருப்பமில்லாத பெற்றோருக்காக நாங்கள் நான்கு பேர் பின்பக்க மரத்தின் கீழே கதிரை போட்டு இருக்கிறோம்; கடைசி பஸ் வரை இருப்போம்.